அம்மன் கட்டிக்கொண்ட எர்த்துப் பட்டை

அவசரக்காரனுக்கும் பழைய காருக்கும் ஜாதகமே பார்க்கக் கூடாது. பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று ஜோசியர் சத்தியம் செய்தாலும், தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். பழைய கார் என்பது, ‘கொஞ்சம் உட்கார், மூச்சு விட்டுக்கொள், அப்புறம் பார்க்கலாம்’ என்கிற ஜன்மம். நானோ பந்தியில் சாம்பார் வருவதற்குள் மோர் எங்கே என்று எட்டிப் பார்க்கிறவன். உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். நின்றால் கை ஆடும். (தூக்கத்திலும் ஆடுகிறது என்கிறாள் என் மனைவி. நான் பார்த்ததில்லை.)

இந்தக் கால் ஆட்டம் என் கல்யாணத்தை எப்படி ஆட்டிப் பார்த்தது என்பதுதான் விஷயம். கூடவே ஒரு முழு ஊரையும் அது... பாருங்கள், அதற்குள் கடைசிப் பக்கத்துக்குப் போகப் பார்க்கிறேன். ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எங்கள் சித்தூர் ஜில்லாவின் தெற்கு ஓரம் முழுக்கப் பேச்சு. புத்தூர், நகரி, திருத்தணி என்று எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் எல்லைதான். வீட்டில் தமிழ், தாலுகா கச்சேரியில் தெலுங்கு, சண்டை என்று வந்தால் இரண்டும் என்று நிம்மதியாக இருந்த ஜனங்கள், திடீரென்று ‘நாம் யார்’ என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் நகரிக்குப் பக்கத்து ஊர்ப் பெண் செங்கமலத்தின் மேல் இருந்தது. பெண் பார்த்தாயிற்று. காபியை நீட்டும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாயின் மேல் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே நான் தீர்ந்து போனேன். ஆனால் அதே காலை அவளுடைய அப்பாவும் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

அவர் பெயர் துரைசாமி. ஊருக்கு மணியக்காரர். தரகரிடம் சொல்லியனுப்பினார்: “பையன் நல்லவன்தான். ஆனா ஒரு நாழி ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிறானே. பொண்ணு பாக்க வந்த வூட்லயே இப்டி ஆடிகினு கீறான். நிலையில்லாதவனுக்குப் பொண்ணக் குட்த்துட்டு அப்பால நான் இன்னா பண்றது? யோசிச்சி சொல்றேன்.”

அவர் யோசிக்க யோசிக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எல்லை விஷயமாக வடக்கேயிருந்து ஒரு பெரிய ஆபீசர் திருப்பதிக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பங்களாவில் உட்கார்ந்து ஊர் ஊராகக் கேட்பாராம், உச்சி வேளைக்கெல்லாம் கிளம்பிவிடுவாராம். துரைசாமி மாமாதான் அவர்கள் ஊர் சார்பாகப் பேச வேண்டும். ‘எங்கள் ஊரை மெட்ராஸ் பக்கம் சேர்த்துவிடுங்கள்’ என்பதுதான் விஷயம். அதற்கு அவர் நீளமாக ஒரு பேச்சுத் தயாரித்திருந்தார். தமிழ்நாட்டுப் பக்கம் சேர்க்கச் சொல்லும் அந்தப் பேச்சு முழுக்கத் தெலுங்கில் இருந்தது. (சர்க்காரிடம் தமிழில் பேசினால் மரியாதையாக இருக்காது என்பது அவர் எண்ணம்.) மாடு கட்டும்போதும் மடை திருப்பும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்ததில் ஊருக்கே அது மனப்பாடம்.

நான் உடனே தரகரை மாமாவிடம் ஓடவிட்டேன். “ரயிலெல்லாம் எதுக்குன்னு சொல்லுங்க. நான் கார்ல இட்டுகினு போறேன், ஜம்முன்னு போய் எறங்கலாம்.”

பதில் வந்தது: “சரி. ஒரு வேலைய ஒழுங்கா முடிக்கிறானான்னு பாத்துடலாம். வேளைக்கிக் கொண்டு போய் சேத்தான்னா, வந்த கையோட தாம்பூலம் மாத்திக்கலாம். இல்லன்னா தரகரே, நீங்க வேற எடம் பாருங்க.”

ஆக, செங்கமலம் வேண்டுமானால் மாமா பதினோரு மணிக்குள் திருப்பதி பங்களாவில் நிற்க வேண்டும். எளிய கணக்கு.

கார் என்னுடையது இல்லை. புத்தூரில் அரிசி மில் வைத்திருந்த என் தாய்மாமனுடையது. யுத்தத்துக்கு முன்னால் வந்த இங்கிலீஷ் வண்டி. அந்த மில்லில் எஞ்சினையும் பெல்ட்டையும் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. மோட்டார் கார்களைப் பற்றிப் படம் போட்ட தடிமனான புத்தகம் ஒன்றை வாங்கிப் பாதி படித்திருந்ததால், கார் விஷயத்தில் ஜில்லாவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தது முன் பாதி. மின்சாரம் எல்லாம் பின் பாதியில் இருந்தது.

அந்தக் காருக்கு ‘செல்ஃப்’ உண்டு, பட்டனை அமுக்கினால் எஞ்சின் எழுந்துகொள்ளும். ஆனால் மில் முற்றம் சரிவானது. காலையில் மூட்டை தூக்குகிற ஆட்கள் ஒரு தள்ளுத் தள்ளினால் வண்டி தானாகவே உறுமும் என்பதால், யாரும் செல்ஃபைத் தொடுவதே இல்லை.

போன வாரம்தான் ஆயுத பூஜை முடிந்திருந்தது. மற்றவர்கள் காருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நான் அவசரக்காரன் மட்டுமில்லை, ஆர்வக்காரனும்கூட. பானெட்டைத் திறந்து, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினேன். பித்தளை, செம்பு என்று கண்ணில் பட்டதைப் புளி போட்டுத் தேய்த்தேன். பேட்டரியின் இரண்டு கொம்புகளுக்கும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தேன். கழற்றின சாமான்கள், ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் தாம்பாளத்தில் அடுக்கி வீட்டில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். விஜயதசமி அன்று பூஜையை எடுத்ததும் எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டினேன். ‘எல்லாவற்றையும்’ என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்கள் தள்ளினார்கள், வண்டி கிளம்பிற்று. எஞ்சினை முன்னால் சுற்றி எழுப்புகிற கைக்கம்பியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். கம்பி சுற்றினால் டிரைவர், பட்டனைத் தட்டினால் மாப்பிள்ளை. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாக இருந்தது.

மாமா வீட்டு வாசலில் வண்டி நின்றபோது தெருவே கூடிவிட்டது. அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிற்று. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நானாகவே அணைத்தேன். மாமா ஏறி உட்கார்ந்ததும், ஊர் பார்க்க, செங்கமலம் ஜன்னல் வழியாகப் பார்க்க, ஒற்றை விரலால் பட்டனைத் தட்டி எழுப்பிக் காட்ட வேண்டும் என்று ஆசை.

மாமா வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, தலைப்பாகை, நெற்றியில் திருமண். பக்கத்தில் உட்கார்ந்து, “ம்” என்றார்.

தட்டினேன். ‘டொக்’ என்றது.

மறுபடி தட்டினேன். மறுபடி ‘டொக்’.

“இன்னாடா அது?” என்றார் மாமா.

“ஒண்ணுமில்ல மாமா. சூடாவுது.”

மூன்றாவது தடவை உள்ளே ஏதோ ஒரு கிழவர் படி ஏறுகிற மாதிரி ‘ர்ர்ர்ம்’ என்று முனகி அடங்கிற்று. நான் இறங்கினேன். புத்தகத்தில் எங்கேயோ விளக்குச் சோதனை என்று ஒன்று பார்த்த ஞாபகம். முன் விளக்கைப் போட்டுவிட்டுச் செல்ஃபைத் தட்ட வேண்டும். விளக்கு மங்கினால் பேட்டரியில் கோளாறு. மங்காவிட்டால் வேறெங்கோ கோளாறு. கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்:

“லைட்டு எரியுதா?”

“எரியுது!”

தட்டினேன். டொக். “இப்போ?”

“இப்பவும் ஜோரா எரியுது!”

“மங்குதா பாருங்க!”

“இல்லபா, நல்லாத்தான் எரியுது!” என்றது கூட்டம் சந்தோஷமாக. பின்னாலிருந்து ஒருத்தர், “அப்போ லைட்ட வச்சிகினே போயிடக் கூடாதா?” என்று கேட்டார். சிரிப்பு.

பேட்டரி நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் செல்ஃப் மோட்டார்தான். அதன் பற்கள் எஞ்சின் சக்கரத்தில் சிக்கிக்கொண்டிருக்கலாம். கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். நான்கு பேர் ஆட்டினார்கள். தலைப்பாகையோடு மாமாவும் உள்ளேயே ஆடினார். விடுபடவில்லை. உள்ளே கரி ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஒரு தட்டுத் தட்டினால் சரியாகும். மாப்பிள்ளை வேட்டியோடு வண்டிக்கு அடியில் புகுந்து அம்மிக் குழவியால் தட்டினேன். வெளியே வந்தபோது வேட்டியில் நான் பார்த்த கறையை இன்றைக்கும் எந்தச் சோப்புக்காரனும் நம்ப மாட்டான். பட்டன்: டொக்.

“மணி இன்னா ஆவுது தெரியுமா?” என்றார் மாமா, இடுப்புக் கடியாரத்தைத் திருப்பி. “ஏகாம்பரகுப்பத்துல ரயிலு வர்ற நேரம். இப்பவே மாட்டு வண்டிய கட்டினா புடிச்சிடலாம்.”

“ரெண்டே நிமிஷம் மாமா! கண்டுபுடிச்சிட்டேன்!”

கண்டுபிடித்துத்தான் இருந்தேன். பேட்டரிக் கொம்புகளில் நான் அப்பிய சந்தனம் ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. சந்தனம் மின்சாரத்தை விடுமா? விடாதே! (விளக்கு எப்படி எரிந்தது என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கிறவனுக்கு ஏன் கால் ஆடுகிறது?) உள்ளே ஓடி வெந்நீர் கேட்டேன். செங்கமலம்தான் செம்பை நீட்டினாள். “சந்தனம்தான் காரணம்,” என்றேன் டாக்டர் மாதிரி. அவள் என் வேட்டியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். கொம்புகளைக் கழுவித் துடைத்து, இறுக்கி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தட்டினேன்.

டொக்.

தூரத்தில் ரயில் ஊதிற்று. அது கிளம்புகிற ஊதல். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

“போச்சி,” என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார். 

“தள்ளிப் பாக்கலாமா மணியக்காரரே?” என்று ஒருத்தர் கேட்டார்.

“என் வூட்டு வாசல்ல, சம்பந்தம் பேசின வண்டிய ஊரே தள்ளறதா? நாளைக்கி எவன் மூஞ்சில முழிக்கிறது? தள்ளக் கூடாது!”

எனக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. செல்ஃப் முனகவாவது முனகுகிறதே, கூடவே சோக்கை இழுத்துப் பெட்ரோலை அதிகமாகக் கொடுத்தால் பற்றிக்கொள்ளும். அந்த வண்டியின் சோக் குமிழ் இழுத்தால் நிற்காது, விட்டால் உள்ளே போய்விடும். யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது மாமாவுக்கு நேர் எதிரே இருந்தது.

“மாமா, இந்தக் குமிழ இழுத்துப் புடிச்சிக்கோங்க. எது ஆனாலும் வுடாதீங்க. வுட்டீங்கன்னா காரியம் கெட்டுச்சி.”

“நான் ஒண்ண புடிச்சா வுடறவன் இல்லடா,” என்றார் மாமா. வலது கையின் மூன்று விரலால் குமிழை இழுத்துப் பிடித்தார்.

நான் பட்டனை அமுக்கினேன். அமுக்கினவன் எடுக்கவில்லை. ‘ர்ர்ர்ம்... ர்ர்ர்ம்...’ இதோ, இதோ வந்துவிட்டது என்று எனக்குள் ஒரே பரபரப்பு. ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. மாமாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிற்று. புருவம் ஏறிற்று. திருமண் கோணிற்று.

“டேய்... சுடுதுடா...”

“வுடாதீங்க மாமா! வந்துடுச்சி!”

அவர் விடவில்லை. வாக்குக் கொடுத்த மனிதர். குமிழுக்குப் பின்னால் புகை கிளம்பியது. அப்புறம்தான் அவர் போட்ட சத்தம் வந்தது. கொடியில் காய்ந்த துணிகளிலிருந்து குருவிகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து போயின. மாமா கதவைத் திறந்து குதித்து, கையை உதறிக்கொண்டு வாசலைச் சுற்றி ஓடினார். தலைப்பாகை அவிழ்ந்து பின்னாலேயே ஓடிற்று.

செங்கமலம் இட்லி மாவோடு ஓடி வந்தாள். மூன்று விரலிலும் மாவைத் தடவி, வாழை இலைக் கிழிசலைச் சுற்றி நாரால் கட்டினாள். அவள் தோள் குலுங்கிற்று. அழுகிறாள் என்று ஊர் நினைத்தது. எனக்குத் தெரியும்.

அடி வாங்குவதற்கு முன்னால் பானெட்டையாவது பார்த்துவிடலாம் என்று திறந்தேன். சோக்குக் கம்பி ஏன் சுட வேண்டும்? அதற்கும் செல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்? அப்போதுதான் கண்ணில் பட்டது. எஞ்சின் பக்கம் ஒரு போல்ட், வண்டிச் சட்டத்தின் பக்கம் ஒரு போல்ட். இரண்டும் பளபளவென்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை.

நடுவில் இருந்திருக்க வேண்டியது எர்த்துப் பட்டை. செம்புக் கம்பிகளைப் பின்னல் போட்டுத் தட்டையாக்கிய இரண்டு விரல் அகலப் பட்டை. பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகிற மின்சாரம் அதன் வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். பெரிய ரோட்டை மூடினால் லாரியெல்லாம் சந்துக்குள் புகுமில்லையா, அந்த மாதிரி அத்தனை மின்சாரமும் அந்த ஒல்லிச் சோக்குக் கம்பி வழியாகப் போயிருக்கிறது. சந்தின் முனையில் மாமாவின் விரல் இருந்தது. விளக்குக்கு வேறு வழி இருந்ததால் அது ஜோராக எரிந்திருக்கிறது.

பட்டையைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தது ஞாபகம் வந்தது. திருப்பிப் பூட்டியது ஞாபகம் வரவில்லை.

“தள்ளுங்கடா!” என்று கத்தினார் மாமா. மானம் விரலோடு வெந்துபோன மனிதருக்கு இனி எதற்குக் கௌரவம்? ஊரே தள்ளிற்று. தெருக்கோடியில் வண்டி ஒரு வெடி வெடித்துக் கிளம்பியது. கண்ணாடியில் பார்த்தேன். கூட்டத்துக்குக் கடைசியில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செங்கமலமும் தள்ளிக்கொண்டு வந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தபடி. இவளைக் கட்டாவிட்டால் நான் மனிதனே இல்லை என்று அந்த நிமிஷத்தில் தோன்றிற்று. ஆனால் பக்கத்தில் வாழை இலைக் கையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தால், கட்டுகிற வழி ஒன்றும் தெரியவில்லை.

இனி எஞ்சினை நிறுத்தாமல் நேராகப் போனால் போதும். புத்தி உள்ளவன் அதைத்தான் செய்வான். எனக்குத்தான் ஒரு பதைப்பு, வழியில் ரயில்வே கேட்டில் நின்று எஞ்சின் அணைந்துவிட்டால்? புத்தூர் வழியாகத்தானே போகிறோம், வீட்டில் ஒரு நிமிஷம் நிறுத்திப் பட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடலாமே! வாசலில் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே பாய்ந்தேன்.

பட்டை பூஜை அறையில்தான் இருந்தது. தாம்பாளத்தில் இல்லை. அம்மன் படத்தில், அம்மனின் இடுப்புக்கு நேராக, இரண்டு பக்கமும் ஆணி அடித்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கட்டியிருந்தது. செம்பு ஒட்டியாணம். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

“எம்மா! இத்த யாரு இங்க கட்டினது?”

“நான்தான்டா,” என்றாள் அம்மா பெருமையாக. “பூஜையில இருந்துச்சி. மில்லுக்கார மாமன்தான் அம்மனுக்கு வாங்கியாந்திருக்கறான்னு நெனச்சேன். எம்மாம் லட்சணமா கீது பாரு!”

“அது கார் சாமான்மா! அவுத்துக் குடு!”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா அம்மன் இடுப்புல இருந்து ஒட்டியாணத்த அவுக்கச் சொல்றியே, நீ மனுசனா? இந்த நகரி சம்பந்தம் முடியணும்னு வேண்டிகினு கட்டி வுட்டிருக்கறன்டா. அவுத்தா முடியுமா?”

 பட்டையை எடுத்தால் கல்யாணம் நடக்காது. பட்டை இல்லாததால் கல்யாணம் ஏற்கெனவே நடக்காமல் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அம்மா, “சம்பந்தியா வந்து கீறாரு! தண்ணிகூட குடிக்காம போறதா!” என்று கூவிக்கொண்டு சுடச்சுடக் காபியை எடுத்துப் போய் நீட்டினாள். மாமா பழக்க தோஷத்தில் வலது கையை நீட்டினார். வாழை இலைக்குள் காபி இறங்கிற்று. அவர் போட்ட இரண்டாவது சத்தத்தைப் புத்தூர்க்காரர்கள் இன்றும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கைக்கம்பியைக்கூட எடுக்கத் தோன்றாமல் நான் வெறுங்கையோடு ஓடி வந்து வண்டியை எடுத்தேன்.

 வடமாலைப்பேட்டை தாண்டியதும் மாமா முணுமுணுக்க ஆரம்பித்தார். பேச்சை ஒத்திகை பார்த்தார். “அய்யா, மா ஊரி மாட வினண்டி...” ஐயா, எங்கள் ஊர்ப் பேச்சைக் கேளுங்கள் என்று ஆரம்பம். நடுநடுவே என்னைத் திரும்பிப் பார்ப்பார். முணுமுணுப்பு மாறிப் பல்லைக் கடிக்கிற சத்தமாகும். மறுபடி, “அய்யா, மா ஊரி மாட...”

திருப்பதி பங்களா கேட்டுக்கு நாங்கள் போய்ச் சேரவும், ஆபீசரின் கார் வெளியே வரவும் சரியாக இருந்தது. மாமா ஓடுகிற வண்டியிலிருந்தே குதித்தார். வாழை இலை சுற்றிய கையை உயர்த்திக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றார். கார் நின்றது. கண்ணாடி இறங்கிற்று. எங்கள் வண்டியை அணைக்க முடியாததால், நான் கேட்டுக்கு வெளியே பெடலை மிதித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆபீசர் மாமாவின் கையைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். முன் சீட்டில் இருந்த குமாஸ்தா தெலுங்கில் திருப்பினார்: “சேதிகி ஏமைந்தி?” கைக்கு என்ன ஆயிற்று?

இந்த ஒரு கேள்வியைத்தான் அவர் கேட்டிருக்கக் கூடாது.

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்ததெல்லாம் மாமாவின் வாயிலிருந்து கொட்டிற்று. பட்டன், டொக், விளக்கு, குழவி, சந்தனம், போன ரயில், குமிழ், புகை, காபி. அவ்வளவும் தெலுங்கில், கையை ஆட்டி, என்னைக் காட்டிக் காட்டி. அப்படி ஒரு பேச்சை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். ஆபீசர் கடியாரத்தைப் பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்த எங்கள் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மிகவும் இரக்கமாக ஒரு வாக்கியம் சொன்னார்.

“வென்ன ராசுகோமண்டுன்னாரு,” என்றார் குமாஸ்தா. வெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்கிறாராம்.

கண்ணாடி ஏறிற்று. கார் போய்விட்டது.

மாமா புழுதியில் நின்றுகொண்டிருந்தார். தூக்கின கை தூக்கினபடியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. மெதுவாக என் பக்கம் திரும்பி, “ஊரு விஷயம்...” என்றார். வாய் திறந்தபடியே இருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. செங்கமலம் போயிற்று. ஒரு ஊரும் போயிற்று.

திரும்பி வரும் வழியில் வண்டி அணைந்துவிடாமல் இருக்கப் பெடலை விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. என் கால் அதன் பாட்டுக்கு ஆடிற்று. மாமா ரொம்ப நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“இன்னிக்கித்தான் ஒன் காலு ஒரு வேலைக்கி ஒதவுது,” என்றார்.

நான் பெடலை இன்னும் வேகமாகத் தட்டினேன்.

“அங்க நடந்தது ஒனக்கும் எனக்கும்தான் தெரியும்.”

“ஆமா மாமா.”

“ஊருல கேட்டா, மணியக்காரரு பிரமாதமா பேசினாருன்னு சொல்லணும்.”

“பிரமாதமாத்தான் பேசினீங்க மாமா,” என்றேன். அது பொய்யில்லை.

புத்தூர் வந்தது. மாமா தொண்டையைக் கனைத்தார். “வெளியாளு வாயில இது இருந்தா என் மானம் என்னிக்கின்னாலும் போயிடும். வூட்டு மனுசன் வாயில இருந்தா பரவால்ல.”  வாழை இலையைப் பார்த்துக்கொண்டே, “கார்த்திகையில முகூர்த்தம் கீதான்னு பாக்கச் சொல்றேன்,” என்றார்.

சந்தோஷத்தில் என் கால் நின்றுவிட்டது. வண்டியும் நின்றுவிட்டது. மறுபடியும் தள்ள ஆள் தேட வேண்டியிருந்தது.

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. வெகு சீக்கிரமே ஒரு சாயங்காலம் செங்கமலம், “நைனா அன்னிக்கி அங்க இன்னா பேசினாரு?” என்று கேட்டாள். “பிரமாதமா பேசினாரு” என்றேன். அவள் என் காலைப் பார்த்தாள். அது ஆடிய ஆட்டத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த பின் ஊருக்குத் தெரிய எத்தனை நேரம்? மாமா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவரே விருந்துகளில் நடித்துக் காட்ட ஆரம்பித்தார். ஆனால் கடைசிவரை நான் எதைக் கொடுத்தாலும், ஐஸ் தண்ணீராக இருந்தாலும்கூட, துண்டு முனையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்.

பட்டை இன்னும் அம்மன் இடுப்பில்தான் இருக்கிறது. காருக்கு வேறு பட்டை வாங்கினோம். சம்பந்தம் முடிந்ததற்கு அதுதான் காரணம் என்று அம்மா கடைசிவரை நம்பினாள். எனக்கும் மறுத்துப் பேச முகமில்லை.

எல்லையும் ஒருநாள் முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. மாமா ஊர் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஊர்த் தலைகளை எண்ணி, மேப்பைப் பார்த்து, எத்தனையோ பேர் உட்கார்ந்து எடுத்த முடிவு அது. ஒரு மணியக்காரர் பேசியிருந்தாலும் மாறியிருக்காது என்று நான் ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். கேட்பார் யாருமில்லை. அந்த ஊரில் ஆபீஸ் தாக்கீது தெலுங்கில் வந்தால், “மாப்பிள்ள பட்டன அமுக்கினாரு, நாம படிக்கிறோம்” என்பார்கள்.

என் மகளையும் அதே ஊரில்தான் கொடுத்திருக்கிறோம். லீவு வந்தால் பேத்தி இங்கே வந்துவிடுவாள், தெலுங்கு வீட்டுப் பாடத்தோடு. பையை இறக்கியதும் அந்த நோட்டை மட்டும் எடுத்து என் மடியில் போடுவாள்.

“உன் பாடம்தானே, நீ எழுதும்மா,” என்றால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

“எங்க ஊர ஆந்திராவுல வுட்டது நீதான தாத்தா? நீயே எழுது.”

உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மேஜையை ஆட்டாமல் எழுதச் சொல்கிறாள்.